சிலம்பின் பரலில் சாபம் இல்லை



தம் ஓய்வூதியத்தில் மிச்சம் பிடித்து இந்த அறக்கட்டளையை அமைத்த ஆசிரியர் ஒரே ஒரு விருப்பத்தைத்தான் எழுதி வைத்தார். பிள்ளைகள் கேட்டு, பெரியவர்கள் பதில் சொல்லாமல் விட்ட ஒரு கேள்வியை ஆண்டுதோறும் இங்கே எடுத்துப் பேச வேண்டும் என்பது அது. நானும் அப்படி ஒரு கேள்விக்குக் கடன்பட்டவன். பல வருடங்களுக்கு முன் ஒரு வகுப்பில் சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதையை நடத்தி முடித்தேன். கடைசி வாங்கிலிருந்து ஒரு பிள்ளை எழுந்து, "ஐயா, அந்தச் சிலம்பு ராசியில்லாததோ?" என்று கேட்டது. வகுப்பு சிரித்தது. மணி அடித்துவிட்டது, நானும் போய்விட்டேன். அந்தப் பிள்ளை கேட்டது சிரிக்க வேண்டிய கேள்வி அல்ல. கோவலனை வீழ்த்தியது அவன் கையிலிருந்த பொருளா, அவன் தலையில் எழுதப்பட்டிருந்த விதியா, வேறு எதுவுமா? இன்றைக்கு அந்தக் கடனைத் தீர்க்கப் பார்க்கிறேன்.

1. காப்பும் கால் ராசியும்

முதலில் என் வீட்டுக் கதை ஒன்று. என் அம்மம்மாவுக்கு ஒரு தங்கை. நெடுந்தீவில் வாழ்க்கைப்பட்டவர். சின்ன அம்மம்மா என்று கூப்பிடுவோம். கலியாணத்துக்கு அவருக்குப் போட்டது ஒரு சோடிக் காப்பு. ஈட்டில் மூழ்கிப்போன நகையை மலிவாக வாங்கியது என்று பிறகு ஊருக்குத் தெரிந்தது. கலியாணம் முடிந்த இரண்டாம் வருடம், கார்த்திகை மாத வாடையில் வத்தையோடு கடலுக்குப் போன அவருடைய மனிசன் திரும்பி வரவில்லை.

எட்டுச் செலவு முடிய முன்னரே காரணம் கண்டுபிடித்துவிட்டார்கள். யாரோ அழுது ஈடு வைத்த காப்பு, அந்தக் கண்ணீர்தான் இந்த வீட்டைத் தொட்டது என்றார்கள். ஒரு மாதம் போக அந்தப் பேச்சு காப்பை விட்டு இறங்கிக் காலுக்கு வந்தது. அவள் கால் வைத்த ராசி என்றார்கள்.

இதை நான் நினைவில் வைத்திருப்பதற்குக் காரணம் உண்டு. பொருளின்மேல் போட்ட பழி பொருளோடு நின்றதை நான் கண்டதில்லை. அது கொஞ்சத் தூரம் நடந்து போய் யாராவது ஒருவரின் தலையில், பெரும்பாலும் ஒரு பெண்ணின் தலையில், ஏறிக்கொள்கிறது. சிலம்பும் காலில் அணிகிற நகைதான். சிலம்பு ராசியில்லாதது என்று சொன்னால் அடுத்த மூச்சில் கண்ணகியின் காலைத்தான் சொல்ல வேண்டி வரும்.

சின்ன அம்மம்மா அதற்கு ஒரே ஒரு மறுமொழிதான் வைத்திருந்தார். "காப்பு கடலுக்குப் போகேல்லைப் பிள்ளை. வானம் கறுத்திருக்கேக்க, கடன்காரன் வாசலிலை நிக்கிறான் எண்டு போனது மனிசன்." காற்றும் கடனும் சேர்ந்து செய்ததைக் காப்பின்மேல் எழுதாதே என்பது அவர் சொன்னதன் பொருள். படிப்பில்லாத அந்த மனுஷி சொன்னதைத் தாண்டி இன்று நான் எதையும் சொல்லப் போவதில்லை. அதைக் காப்பியத்தில் வைத்துப் பார்க்கப் போகிறேன், அவ்வளவுதான்.

2. மணி வந்த கடல்

அந்த மாணவப் பிள்ளை தீவாரின் பிள்ளை. அது அப்படிக் கேட்டதற்கு இந்த மண்ணிலேயே ஒரு காரணம் உண்டு.

இளங்கோவின் காப்பியத்தில் சிலம்பின் பரல் எங்கிருந்து வந்தது என்ற கதை இல்லை. நம்முடைய கதையில் உண்டு. யாழ்ப்பாணத்தில் கோவலனார் கதை என்றும், வன்னியில் சிலம்பு கூறல் என்றும், மட்டக்களப்பில் கண்ணகி வழக்குரை என்றும் வழங்குகிற பாடலில் கடலோட்டுக் காதை என்று ஒரு பகுதி வருகிறது. மட்டக்களப்பு வழக்கைப் பண்டிதர் வி. சீ. கந்தையா 1968இல் பதிப்பித்தார். கண்ணகியின் சிலம்புக்குப் பரலாக நாகமணி வேண்டும். அது கிடைக்கிற இடம் நாகதீவு, நம் நயினாதீவு. மணி தேடி மீகாமன் கப்பலோடு வருகிறான். வழியில் நெடுந்தீவை ஆண்ட வெடியரசன் மறிக்கிறான். கடலில் போர் மூள்கிறது. வெடியரசன் பிடிபடுகிறான். அவன் உடன்பிறந்தார் ஆயுதம் எடுக்கிறார்கள். இத்தனைக்கும் பிறகுதான் மணி பூம்புகாருக்குப் போய்ச் சேர்கிறது. நெடுந்தீவின் மேற்கில் இடிந்து கிடக்கிற கோட்டையை இன்றும் வெடியரசன் கோட்டை என்றுதான் சொல்கிறோம்.

இந்தக் கதையைக் கேட்டு வளர்ந்த பிள்ளை, இரத்தம் சிந்திக் கொண்டுபோன மணி கோவலனின் இரத்தத்தையும் குடித்தது என்று நினைத்தால் அதில் வியப்பில்லை. ஆனால் அந்தக் கதை மணியின்மேல் பழி போடுவதாக நான் கேட்டதில்லை. போர் மூண்டது மணியால் அல்ல. கடல் யாருடையது என்ற கேள்வியால் மூண்டது. வழி கேட்கத் தெரியாத ஒருவனும், வழி விட மனமில்லாத ஒருவனும் ஒரே கடலில் எதிர்ப்பட்டார்கள்.

இதே கடலில், இதே பூம்புகாரிலிருந்து வந்த இன்னொரு வணிகனின் கதையும் நமக்குத் தெரியும். நயினாதீவு நாகபூஷணி அம்மனுக்குப் பூ எடுத்து நீந்திவந்த நாகத்தைக் கருடன் மறித்தது. நாகம் ஒரு கல்லைச் சுற்றிக்கொண்டது, கருடன் எதிரே மற்றக் கல்லில் இருந்தது. அந்த வழியாக மரக்கலத்தில் வந்த மாநாய்கன் கருடனிடம் மன்றாடினான். அம்பாளுக்குக் கோயில் எழுப்புவதாக வாக்குக் கொடுத்து நாகத்தை மீட்டான். பாம்பு சுற்றிய கல்லும் கருடன் கல்லும் இன்றும் கடலில் நிற்கின்றன. படகில் போகிற பிள்ளைகளுக்கு நாம் விரல் நீட்டிக் காட்டுகிறோம். இரண்டும் ஒரே கடல், இரண்டும் நாகம் காக்கிற தீவு. ஒரு மரக்கலம் போரைக் கொண்டு வந்தது, ஒன்று மன்றாட்டைக் கொண்டு வந்தது. வேற்றுமை வந்தவரின் நெஞ்சில் இருந்தது.

நயினாதீவாகவே நாம் கருதுகிற மணிபல்லவத்து மணிப்பீடத்தின் கதையும் அதுதான். மகாவம்சமும் மணிமேகலையும் தத்தம் முறையில் அதைச் சொல்கின்றன. நாக அரசர் இருவர் ஒரு மணி ஆசனத்துக்காகப் படை திரட்டி நின்றார்கள். புத்தர் வந்து போரை நிறுத்தினார். பீடம் அங்கேயே இருந்தது. பீடத்தில் பகை இருந்திருந்தால் புத்தர் அதை உடைத்திருக்க வேண்டும். அவர் அதன்மேல் அமர்ந்தார். பகை தீர்ந்தது அரசர்களின் மனத்தில்.

3. கொலைக்களத்தில் எத்தனை கைகள்

இனி மதுரைக்குப் போவோம். 30 காதைகள் கொண்ட சிலப்பதிகாரத்தில் 16ஆவது காதை கோவலனின் சாவைச் சொல்கிறது. அதை விரல் வைத்து மெல்லப் படித்தால், விதி என்ற ஒரு சொல்லுக்குள் அடங்காத பல மனிதர்கள் அங்கே தெரிவார்கள்.

அரசியின் சிலம்பைத் திருடி வைத்திருந்த பொற்கொல்லன் ஒருவன். விற்க வந்த கோவலன் அவனிடமே விலை கேட்கிறான். தன் களவு வெளிப்படுமுன் பழியைத் தள்ளிவிட ஆள் கிடைத்தது என்று அவன் எண்ணுகிறான். அது ஒரு கை. ஆடல் பார்த்ததால் ஊடிக்கொண்டு, தலைவலி என்று சொல்லி அரசி எழுந்து போய்விட்டாள். அவளைத் தேற்றப் போகிற அவசரத்தில் இருந்த பாண்டியன் நெடுஞ்செழியன், கள்வன் அகப்பட்டான் என்று பொற்கொல்லன் வந்து சொன்னதைக் கேட்டதும், சிலம்பு அந்தக் கள்வன் கையில் இருக்குமானால் கொன்று எடுத்து வாருங்கள் என்று சொல்லிவிட்டு நடக்கிறான். அது இன்னொரு கை.

அதற்குப் பிறகு வருவதுதான் நாம் அதிகம் பேசாத இடம். காவலர்கள் கோவலனைப் பார்த்ததும் தயங்குகிறார்கள். இவன் கொலைக்குரிய ஆளாகத் தெரியவில்லையே என்று சொல்கிறார்கள். அந்தத் தயக்கம் ஒரு நாழிகை நீடித்திருந்தால் காப்பியமே வேறாகியிருக்கும். பொற்கொல்லன் அவர்களைப் பார்த்து நகைக்கிறான். களவுநூல் பேசுகிறான். மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி என்று கள்வருக்கு எட்டுத் துணை உண்டு என்று அடுக்குகிறான். படித்தவன் போலப் பேசுகிற பேச்சில் நல்லவர்களின் ஐயம் கரைகிறது. அவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே கல்வியில்லாத, வெறிகொண்ட ஒருவன் வாளை வீசிவிடுகிறான்.

ஒருவன் பொய், ஒருவன் அவசரம், சிலரின் மௌனம், ஒருவன் வாள். இந்த நான்கில் ஒன்று மாறியிருந்தாலும் கோவலன் கண்ணகியிடம் திரும்பி வந்திருப்பான். சிலம்பு மட்டும் எதுவும் செய்யவில்லை. அது சும்மா கிடந்தது.

இளங்கோ ஊழைச் சொல்லவே இல்லையா என்று கேட்பீர்கள். சொல்கிறார், பல இடங்களில் சொல்கிறார். கானல்வரியில் கோவலனும் மாதவியும் பிரிகிறபோது யாழிசையைச் சாக்காக வைத்து ஊழ் வந்தது என்கிறார். பாண்டியன் ஆணையிடுகிற இடத்தில் வினை விளைகிற வேளை என்றும் சொல்கிறார், அரசன் ஆராயவில்லை என்றும் சொல்கிறார். இரண்டையும் ஒரே மூச்சில் வைக்கிறார். நாம் முதல் பாதியை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டோம். ஆராயவில்லை என்ற சொல் ஊழின் கணக்கில் எழுதக் கூடியதல்ல. அது அரசனின் கணக்கு.

கோவலனும் இதை உணர்ந்தவன். சாகப் போவதற்குச் சற்று முன், ஆயர் குடிலில், கண்ணகி சமைத்த சோற்றை உண்டபின், இது மாயமோ கொடிய வினையோ என்று அவன் திகைக்கிறான். அதைக் கேள்வியாகத்தான் கேட்கிறான். அடுத்து வருகிறது அவன் கணக்கு. வீணருடன் திரிந்தேன், பெரியோர் சொல் கேளாமல் விட்டேன், பெற்றோருக்குச் செய்ய வேண்டியதைச் செய்யவில்லை, உனக்கும் தீங்கு செய்தேன் என்று தன் பிழைகளை ஒவ்வொன்றாக எண்ணுகிறான். விதியைக் கேள்வியிலும் தன் பிழையை விடையிலும் வைத்துவிட்டுச் செத்தவன் அவன்.

4. சாபம் எப்போது சொல்லப்படுகிறது

சிலப்பதிகாரத்தில் ஒரு சாபம் உண்மையாகவே உண்டு. மதுரை எரிந்த பிறகு மதுராபதித் தெய்வம் அதைக் கண்ணகிக்குச் சொல்கிறது. முற்பிறப்பில் கோவலன் கலிங்கத்துச் சிங்கபுரத்தில் பரதன் என்ற அரச ஊழியன். கபிலபுரத்திலிருந்து வந்து கடைத்தெருவில் நகை விற்ற சங்கமன் என்ற வணிகனை ஒற்றன் என்று சொல்லி அரசனிடம் காட்டிக் கொலைப்படுத்தினான். சங்கமனின் மனைவி நீலி தெருத் தெருவாக அழுது திரிந்து, 14ஆம் நாள் ஒரு மலையேறி உயிரை விடுகிறபோது, எங்களுக்கு இதைச் செய்தவர்கள் இதையே அடையட்டும் என்று சபித்தாள்.

இதில் இரண்டு செய்திகளைக் கவனிக்கும்படி உங்களை வேண்டுகிறேன்.

ஒன்று, அது சொல்லப்படுகிற இடம். வழக்குரை காதை 20ஆவது. மதுராபதி பேசுகிற கட்டுரை காதை 23ஆவது. கண்ணகி அரண்மனை வாயிலில் நிற்கும்போது அவளுக்கு முற்பிறப்பும் தெரியாது, நீலியும் தெரியாது. தெரிந்ததெல்லாம் தன் சிலம்பின் உள்ளே இருப்பது மாணிக்கம் என்பது ஒன்றுதான். அரசியின் சிலம்பில் முத்து. சிலம்பு கொண்டுவரப்பட்டது, உடைக்கப்பட்டது, மாணிக்கப் பரல் அரசனின் முகத்தில் தெறித்தது. வழக்கு முடிந்தது. இளங்கோ சாபக் கதையை மூன்று காதை முன்னதாக வைத்திருந்தால் கண்ணகி என்ன செய்திருப்பாள்? வாயிலிலேயே அமர்ந்து அழுதுவிட்டுத் திரும்பியிருக்கலாம். நீதி கேட்கிற நேரத்தில் விதியைச் சொன்னால் நீதி கேட்பவளின் வாய் அடைபடும். ஆகவே தீர்ப்பு வந்து, தீர்ப்பளித்தவனும் உயிர் விட்டு, நகரும் எரிந்து, இனி யாரையும் தப்ப வைக்க வழியில்லை என்ற பிறகே, துணையிழந்த பெண்ணுக்கு ஆறுதலாக அது சொல்லப்படுகிறது. ஊழ் அங்கே துக்கம் விசாரிக்க வந்த சொல். சாட்சிக் கூண்டில் அதற்கு இடம் கொடுக்கப்படவில்லை.

அந்த மன்றத்தில் விதி என்று சொல்லித் தப்ப ஒருவருக்கு வாய்ப்பு இருந்தது. பாண்டியனுக்கு. அவன் சொல்லவில்லை. உடைந்த சிலம்பைப் பார்த்ததும் நானே கள்வன் என்று ஏற்றுக்கொண்டு வீழ்ந்தான். சிலப்பதிகாரத்தில் எனக்கு மிகவும் பெரிதாகத் தெரிகிற இடம் அது. கோவலனைக் கேட்காமல் கொன்றவன், கண்ணகியைக் கேட்டுத் தன்னைத் தண்டித்தான். ஒரே சிலம்பு இரண்டு தடவை சான்றாக வந்தது. முதல் தடவை வெளிப்புறத்தை மட்டும் பார்த்தார்கள், ஒருவன் செத்தான். இரண்டாம் தடவை உடைத்துப் பார்த்தார்கள், உண்மை வெளிவந்தது. சிலம்பு சாபம் பிடித்த பொருளாக இருந்தால் இந்த இரண்டாம் வேலையை எப்படிச் செய்தது?

மற்றச் செய்தி, அந்தச் சாபத்தின் உள்ளே இருப்பது. சங்கமன் எப்படிச் செத்தான்? ஒருவன் பொய் சொன்னான், அரசன் விசாரிக்கவில்லை, கொன்றார்கள். கோவலனும் அப்படியே செத்தான். அப்படியென்றால் இந்தக் காப்பியத்தில் ஊழ் என்று வருவது வானத்திலிருந்து விழுந்த எழுத்து அல்ல. விசாரிக்காமல் கொன்ற ஒரு கொலை, விசாரணை கிடைக்காத ஒரு பெண்ணின் அழுகை, இரண்டும் திரும்பி வருகிற வழி. நீலிக்குச் சிங்கபுரத்தில் ஒரு வழக்கு மன்றம் திறந்திருந்தால் அவள் மலையேறியிருக்க மாட்டாள். நீதி மறுக்கப்பட்ட இடத்தில்தான் சாபம் பிறக்கிறது.

இன்னும் ஒன்றைச் சொல்லாமல் போக மனம் ஒப்பவில்லை. கொற்கையிலிருந்த வெற்றிவேற்செழியன் கண்ணகியின் சினத்தைத் தணிக்க ஆயிரம் பொற்கொல்லரை ஒரே பகலில் பலி கொடுத்தான் என்று காப்பியம் சொல்கிறது. திருடியவன் ஒருவன். மற்றவர்கள் என்ன செய்தார்கள்? கோவலனுக்காக அழுகிற நாம் அந்த ஆயிரம் வீடுகளுக்காக ஒரு நாளும் அழுததில்லை. விசாரிக்காமல் கொல்வதுதான் கோவலன் கதையின் குற்றம் என்றால், அந்தக் குற்றம் கண்ணகியின் பேராலும் செய்யப்பட்டது. வகுப்பில் இதைச் சொல்லித்தான் பாடத்தை முடிக்க வேண்டும்.

5. மோதிரமும் கைக்குட்டையும்

ஒரு சிறு பொருளால் ஒரு வாழ்வு கவிழ்வது எல்லா நாட்டு இலக்கியத்திலும் உண்டு. இரண்டை மட்டும் எடுக்கிறேன்.

காளிதாசரின் சகுந்தலை நாடகத்தில் துருவாச முனிவர் சபிக்கிறார். அடையாள மோதிரம் ஆற்றில் விழுகிறது. துஷ்யந்தன் மறக்கிறான். இந்தக் கதையின் பழைய வடிவம் மகாபாரதத்தில் இருக்கிறது. அங்கே சாபமும் இல்லை, மோதிரமும் இல்லை. அரசனுக்கு எல்லாம் நினைவிருக்கிறது, இருந்தும் சபையில் மறுக்கிறான். சகுந்தலை நிமிர்ந்து நின்று வாதாடுகிறாள். நாடகத்தில் சாபம் சேர்ந்ததும் யார் தப்பினார்? அரசன் தப்பினான். மறுத்தவன் மறந்தவன் ஆனான். மோதிரத்தைத் தவறவிட்டவள் என்ற பிழை சகுந்தலையின் விரலுக்கு வந்தது. காளிதாசரின் கவிதையை நான் வணங்குகிறேன். ஆனால் கதைக்குள் ஒரு சாபம் நுழைகிறபோது, இதனால் யாருடைய கை கழுவப்படுகிறது என்று கேட்கிற பழக்கம் வாசகருக்கு வேண்டும்.

ஷேக்ஸ்பியரின் ஒதெல்லோவில் ஒரு கைக்குட்டை. அது மந்திரம் ஏற்றிய துணி, அதைத் தொலைப்பவளுக்குக் கேடு என்று ஒதெல்லோவே மனைவியிடம் சொல்கிறான். இயாகோ அதை எடுப்பித்து வேறொருவன் அறையில் போடுகிறான். ஒதெல்லோ அதைச் சான்றென்று நம்பி மனைவியைக் கொல்கிறான். தோமஸ் ரைமர் என்ற ஆங்கிலத் திறனாய்வாளர் 1693இல், ஒரு கைக்குட்டைக்காக இத்தனை அமளியா என்று அந்த நாடகத்தையே எள்ளினார். சிலம்பின் கதை தெரிந்த நமக்கு அதில் எள்ள எதுவும் இல்லை. ஒரு பொய்யன், ஓர் அவசரக்காரன், வெளிப்புறத்தை மட்டும் பார்த்துச் சான்றாக எடுத்த ஒரு சிறு பொருள். மதுரையின் கடைத்தெருவும் சைப்பிரஸ் தீவின் கோட்டையும் ஒரே இடம்தான்.

6. நம் கரையில் விதி என்ற சொல்

காப்பியத்தை விட்டு நம் கரைக்கு வருகிறேன். கடல் சூழ்ந்த ஊரில் பிறந்தவர்கள் விதியை நம்புவதில் தவறில்லை. காற்று நம் கையில் இல்லை. சோளகம் எழுந்தால் குறிகட்டுவானிலேயே நின்றுவிட வேண்டியதுதான். வள்ளுவரும் 38ஆம் அதிகாரத்தில் ஊழைவிட வலியது இல்லை என்று சொல்லிவிட்டு, 62ஆம் அதிகாரத்தில் சோராமல் உழைப்பவர் ஊழையும் புறங்காணச் செய்வார் என்கிறார். இரண்டையும் ஒருவரே சொன்னார். இரண்டுக்கும் இடம் உண்டு.

எது எவ்வளவு என்று பங்கு பிரிக்கத் தெரிவதுதான் அறிவு. அப்படிப் பங்கு பிரித்த ஒரு கல் நயினாதீவிலேயே இருக்கிறது. 12ஆம் நூற்றாண்டில் முதலாம் பராக்கிரமபாகு தமிழில் பொறிப்பித்த கல்வெட்டு அது. பேராசிரியர் கா. இந்திரபாலா அதை ஆராய்ந்து 1960களில் வெளியிட்டார். ஊராத்துறைக்கு, அதாவது நாம் இன்று கூடியிருக்கும் ஊர்காவற்றுறைக்கு, வருகிற பரதேசி வணிகருக்குப் பாதுகாப்புத் தர வேண்டும் என்கிறது அது. யானையும் குதிரையும் கொண்டுவந்த மரக்கலம் உடைந்தால் கால் பங்கு பண்டாரத்துக்கு, முக்கால் பங்கு உடையவனுக்கு. வணிகப் பொருள் கொண்டுவந்த மரக்கலம் உடைந்தால் பாதி பண்டாரத்துக்கு, பாதி உடையவனுக்கு. கலம் உடைந்ததைக் கடவுள் செயல் என்று சொல்லி எல்லாவற்றையும் அள்ளிக்கொள்ள முடியாது. காற்று செய்தது காற்றோடு போகட்டும், அதற்குப் பிறகு கரையில் இருப்பவர் செய்ய வேண்டியது என்ன என்று அந்தக் கல் பேசுகிறது. விபத்து விதியாக இருக்கலாம். விபத்துக்குப் பிறகு நடப்பது சட்டம், மனிதர் கடமை.

இதை மறந்தபோதெல்லாம் நாம் கெட்டோம். 1985 மே 15ஆம் திகதி நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினிப் படகில் 30க்கும் மேற்பட்டவர்கள் கடல் நடுவே வெட்டிக் கொல்லப்பட்டார்கள். பெண்களும் பிள்ளைகளும் அதில் இருந்தார்கள். வந்தவர்கள் கடற்படையினர் என்று உயிர் தப்பியவர்கள் சாட்சி சொன்னார்கள். செத்தவீட்டில் கட்டிப்பிடித்து அழுகிறபோது, அண்டைக்கு அந்தப் படகிலை ஏற விதி இருந்திருக்கு என்று சொன்ன தாய்மாரை நான் அறிவேன். அந்தத் தாய்க்கு அப்படிச் சொல்ல உரிமை உண்டு. அந்தச் சொல் இல்லாமல் அவளால் அடுத்த நாள் எழுந்து அடுப்பு மூட்ட முடியாது. ஆனால் வாளைப் பிடித்த கைக்கும், அந்தக் கையை விசாரிக்க வேண்டிய மன்றத்துக்கும் அந்தச் சொல்லைச் சொல்ல உரிமை இல்லை.

நம்மிலும் குற்றம் இருக்கிறது. ஒற்றன் என்ற ஒரு சொல்லால், ஒரு தலையாட்டலால், விசாரணை இல்லாமல் போன உயிர்கள் இந்தக் குடாநாட்டில் எத்தனை? சங்கமனைப் போலச் செத்தவர்கள், நீலியைப் போலத் தெருத் தெருவாகத் திரிந்த பெண்கள். அவர்கள் கதையைச் சொல்கிறபோதும் காலம் அப்படி என்கிறோம். காலம் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை.

நான் சொல்ல வந்தது இது ஒன்றுதான். விதி என்ற சொல் இழந்தவருடையது. இழைத்தவர் அதை எடுத்துக்கொள்ளக் கூடாது. பார்த்துக்கொண்டு நின்றவர்களும் எடுத்துக்கொள்ளக் கூடாது.

7. கோமுகிக் கரை

கண்ணகியின் பரலைத் தந்ததாக நம் கதை சொல்கிற அதே தீவு இன்னொரு பொருளையும் தந்தது. மணிமேகலை சொல்கிற மணிபல்லவம் நயினாதீவுதான் என்று ஆய்வாளர் சிலர் கொண்டார்கள். மாற்றுக் கருத்து உடையவர்களும் உண்டு. நம் பாட்டிமாருக்கு ஐயம் இருந்ததில்லை.

அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபியோடு ஆபுத்திரன் கப்பலேறினான். இடையில் மணிபல்லவத்தில் இறங்கியவனை அறியாமல் கப்பல் போய்விட்டது. ஆளில்லாத தீவு. உலகுக்கெல்லாம் சோறிடக் கூடிய பாத்திரம் கையில், உண்ண ஒருவரும் இல்லை. தன் ஒரு வயிற்றுக்காக அதை வைத்திருக்க அவன் விரும்பவில்லை. கோமுகிப் பொய்கையில் அதை விட்டுவிட்டு, உண்ணாமல் கிடந்து உயிர் துறந்தான். அட்சயபாத்திரம் வைத்திருந்தவன் பசியால் செத்தான். அதையும் ராசியில்லாத பாத்திரம் என்று சொல்லலாமே? காப்பியம் சொல்லவில்லை. வருடத்தில் ஒரு நாள், வைகாசிப் பௌர்ணமியில், அது நீருக்கு மேல் எழுந்து ஒரு கைக்காகக் காத்திருந்தது.

அந்தக் கை கோவலனின் மகளுடையது. மணிமேகலை அந்தத் தீவில்தான் தன் முற்பிறப்பை அறிந்தாள். வினையின் கணக்கு முழுவதும் அவளுக்குக் காட்டப்பட்டது. எல்லாம் தெரிந்தபின் அவள் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை. பாத்திரத்தை எடுத்தாள். ஆதிரையிடம் முதல் பிச்சை பெற்றாள். பசித்தவருக்கெல்லாம் இட்டாள். சிறைக்கோட்டத்தை அறக்கோட்டம் ஆக்கினாள். தகப்பனின் கையில் ஒரு பொருள் இருந்தது, கேட்பாரில்லாமல் அவன் செத்தான். மகளின் கையில் ஒரு பொருள் வந்தது, கேட்டவர்க்கெல்லாம் அவள் இட்டாள். ஊழை அறிந்தவர் செய்ய வேண்டியது என்ன என்பதற்கு இதைவிட நல்ல விடை எனக்குத் தெரியாது.

சின்ன அம்மம்மாவின் காப்புக்கு என்ன நடந்தது என்று நீங்கள் கேட்பீர்கள். ஊர் என்ன சொன்னாலும் அவர் அதைத் தூக்கி எறியவில்லை. கொட்டப்பெட்டிக்கு அடியில் துணியில் சுற்றி வைத்திருந்தார். நான் ஐந்தாம் வகுப்பு முடித்து, யாழ்ப்பாணத்தில் விடுதியில் தங்கிப் படிக்க வழியில்லாமல் நின்ற வருடம், என்னையும் கூட்டிக்கொண்டு படகேறிப் பட்டணத்துக்கு வந்தார். ஒரு நகைத் தொழிலாளியின் பட்டறையில் அந்தச் சோடியை வைத்தார். "ஆச்சி, உள்ளுக்கு அரக்கு இருக்கும். வெட்டிப் பாத்து, அரக்கைக் கழிச்சுத்தான் நிறுப்பன். சம்மதமோ?" என்று அவர் கேட்டார். பொய் நிறை நிறுக்காத அந்த மனிதரை, ஆயிரம் பேர் கதையைப் படிக்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன்.

காப்பை வெட்டினார். சின்ன அம்மம்மா குனிந்து உள்ளே பார்த்தார். கறுத்த அரக்கு. என்னையும் கூப்பிட்டு, "பாத்தியோ?" என்றார். ஊர் இருபது வருடமாகச் சொன்ன ஒன்றும் அதற்குள் இல்லை.

அந்தக் காசில்தான் நான் மேற்கொண்டு படித்தேன். கடைசி வாங்கிலிருந்து எழுந்து கேட்ட பிள்ளையே, நீ இப்போது எந்த நாட்டில் இருக்கிறாயோ தெரியாது. உன் கேள்விக்கு இது என் மறுமொழி. சிலம்பை உடைத்துப் பார்த்தார்கள், உள்ளே மாணிக்கம் மட்டும் இருந்தது.